இரண்டாவது சிட்டிகை

ஒஸ்ட்ராவாவிலிருந்து எந்தக் கடலுக்கும்
ஒரு பகல் முழுக்க ரயில்.
எங்கள் கடல் வாளியில் வந்தது,
இருபது கிலோ வெள்ளைப் பொடி,
லிஃப்ட் பழுதாகிக் கிடந்த வாரத்தில்.
லூபோர் தோளில் தூக்கி ஏழு மாடி ஏறினான்.
குழாய்த் தண்ணீரை வடிகட்டி வடிகட்டி வெறுமையாக்கி
உப்பைக் கரைத்து
அலையடிக்க ஒரு மோட்டார் மாட்டி
"இந்தா, உன் கடல்" என்றான்.

அவனுக்கு உருக்காலையில் பின்னிரவு இரண்டுவரை வேலை.
எனக்கு விடியலின் முதல் ட்ராம்.
கட்டில் ஆறியதே இல்லை.
ஆள்தான் மாறிக்கொண்டிருந்தது.

முதல் வருடம் நைட்ரேட் ஏறியது.
ஐந்து மில்லி, ஒரு கரண்டிப் பொடி, குலுக்கல், காத்திருப்பு.
அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டி
பீட்ரூட் சாறாய் நின்றது தண்ணீர்.
நான் போடுவது ஒரு சிட்டிகை.
இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் கோபி,
இதற்கா இவ்வளவு?
கணக்கு உதைத்தது.

ஞாயிறுதோறும் நாற்பது லிட்டர் மாற்றினேன்.
நுரைப்பானின் கோப்பையைக் கழுவினேன்.
அந்தக் கறுந்தேநீர் நாற்றம்
ட்ராமின் கைப்பிடிவரை கூடவே வந்தது.
மீன்கடை ரெஹோர் ஒரு பை துருத்துகள் தந்தார்,
பாஸ்பேட்டைக் கவ்வுமாம்.
"புருஷன் இரும்பை உருக்குகிறான்,
நீ துருவைக் காசு கொடுத்து வாங்குகிறாய்."
கண்ணாடியில் பச்சை மீசை முளைத்தபடியே இருந்தது.

ஜனவரியில் ஓர் இரவு தாகம்.
மூன்று மணி இருக்கும்.
தொட்டியின் நீல ஒளியில் லூபோர்,
பனி பூட்ஸைக் கழற்றாமல்,
நெற்றியில் தலைக்கவசத் தடம்.
உறைந்த இறால் கட்டியை
உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொண்டிருந்தான்.
மீன்கள் கண்ணாடியில் வாயைத் திறந்து மூட
அவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தான்,
கிரேன் சங்கிலி அறுந்ததை,
பிறகு சிகரெட் பற்றவைக்க முடியாமல்
கை ஆடியதை.

என்னிடம் சொல்லவில்லை.

நான் தாகத்தோடே திரும்பிப் படுத்தேன்.
மறுநாள் என் சிட்டிகையைப் பாதியாக்கினேன்.
நைட்ரேட் இறங்கி இறங்கிப் பத்தில் நின்றது.
சுத்தியல் பவளம் கைமுட்டி அளவுக்கு உப்பியது.
அவனும் ஏனென்று கேட்கவில்லை.

பிறகு லின்ஸில் உலை பழுதுபார்க்க
நான்கு மாத ஒப்பந்தம்.
போனில் குளிர், சம்பளம், சாப்பாடு.
அத்துடன் சரி.

ஆறாவது வாரம் சோதனைக் குழாயில் நிறமே இல்லை.
நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம்.
பெருமையாகப் படமெடுத்து அனுப்பினேன்.
"சுத்தம்" என்று பதில் வந்தது.

பத்து நாளில் பவளம் வெளிறி உள்ளிழுத்துக்கொண்டது.
மணல்மேல் பழுப்புச் சளி படர்ந்தது,
ஒவ்வோர் இழை நுனியிலும் ஒரு காற்றுக் குமிழ்.
ரெஹோர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"பட்டினி. இப்படிக் கழுவினால்
எதுதான் குடியிருக்கும்?
துருவை எடுத்துவிடு. தீனி போடு."
எவ்வளவு?
"முன்னே எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு."
எனக்கு என் பாதிதான் தெரியும்.

மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன்.
விளக்குப் போடவில்லை.
கட்டி உருகும்வரை நின்றேன்,
குளிர் முழங்கைக்கு ஏறியது.
மீன்கள் வந்தன, தின்றன,
தின்ற பிறகும் போகாமல் நின்றன.
என்னத்தைச் சொல்ல?
எட்டாம் எண் ட்ராமில் தினமும் ஏறி
அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கும் ஆளைப் பற்றிச் சொன்னேன்.
நேற்று அவர் வரவில்லை,
கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்
என்பதையும்.

இரண்டு வாரம் கழித்து, செவ்வாயன்று, சோதித்தேன்.
அட்டையின் முதல் கட்டத்துக்கும் வெளுப்பாய்
குழாயில் ஓர் இளஞ்சிவப்பு.
வெள்ளைத்தாள்மேல் வைத்தால்தான் தெரிகிறது.